மூன்றிலை வெள்ளைப் பூ: ட்ரில்லியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், சியாட்டில் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படம் திரும்பத் திரும்ப வரும். ஈரக் காடு, மூன்று பச்சை இலை, நடுவில் ஒற்றை வெள்ளைப் பூ. கீழே "இது என்ன பூங்க?" என்று ஒரு வரி. இசகுவா மலைப் பக்கம் வார இறுதி நடைக்கு வருகிறவர்கள் நேரிலும் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதிலையும் எழுதிவிட்டேன். போர்ட்லண்ட், வான்கூவர், பே ஏரியா நண்பர்கள் கேட்டவையும் டொராண்டோவிலிருந்து வந்தவையும் இதில் சேர்த்தி.

ட்ரெயில்ல மூணு இலைக்கு நடுவுல ஒரே ஒரு வெள்ளைப் பூ பாத்தோம். அது என்ன?

நீங்கள் இருப்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரை என்றால், அநேகமாக அது ட்ரில்லியம் ஓவேட்டம். இங்கே வெஸ்டர்ன் ட்ரில்லியம், பசிபிக் ட்ரில்லியம் என்று சொல்வார்கள். தரையிலிருந்து ஒரே ஒரு தண்டு எழும்பும். அதன் உச்சியில் மூன்று அகலமான இலைகள் ஒரே கணுவில் விரிந்திருக்கும். அங்கிருந்து சின்னக் காம்பு ஒன்று கிளம்பி, அதன் நுனியில் பூ. வெளியே மூன்று பச்சைப் புல்லிதழ், உள்ளே மூன்று வெள்ளை இதழ், ஆறு மகரந்தத் தாள், நடுவில் மூன்றாகப் பிரிந்த சூல்முடி. எல்லாமே மூன்று, இல்லாவிட்டால் மூன்றின் மடங்கு. எப்போதாவது நாலிலைச் செடி கண்ணில் படலாம். அது பிறவிக் கோளாறு, வேறு இனமில்லை.

தெற்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி வாஷிங்டன், ஓரிகன் வழியாக நடுக் கலிபோர்னியாவின் கடலோர மலைகள் வரை பரவியிருக்கிறது. கிழக்கே ஐடஹோ, மேற்கு மொண்டானா மலைக்காடுகளிலும் உண்டு. அதையும் தாண்டி வயோமிங், கொலராடோவில் சில இடங்களில் தனித்தனித் தீவுகளாக இருக்கிறது.

எப்ப போனா, எங்க போனா பாக்கலாம்?

தாழ்வான இடங்களில் சீக்கிரம், மலை ஏற ஏறத் தாமதம். கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். மியூர் வுட்ஸ் போகிற பே ஏரியாக்காரர்கள் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். சியாட்டில், போர்ட்லண்ட் பக்கம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முழுக்க. உயரமான மலைகளில் பனி உருகிய பிறகுதான் என்பதால் ஜூனில்கூடப் பார்க்கலாம். ஏப்ரலில் கீழே தவறவிட்டவர்கள் மே மாதம் கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள்.

கூகர் மலை, டைகர் மலை, ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ மழைக்காடு, கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு, போர்ட்லண்டின் ஃபாரஸ்ட் பார்க் எல்லாமே நல்ல இடங்கள். போர்ட்லண்டில் டிரயன் க்ரீக் என்ற பூங்காவில் வசந்தத்தில் இந்தப் பூவுக்கென்றே விழா நடத்துகிறார்கள். எந்த ட்ரெயிலாக இருந்தாலும் வெயில் அடிக்கிற திறந்த வெளியில் தேடாதீர்கள். டக்ளஸ் ஃபர், சிவப்பு சீடர் மர நிழலில், ஸ்வோர்டு ஃபெர்ன் புதர்களுக்கு நடுவே, காலால் அழுத்தினால் மெத்தென்று இறங்குகிற மக்கிய மண் எங்கே இருக்கிறதோ அங்கே பாருங்கள்.

ஒரே இடத்துல ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரோஸ், ஒண்ணு கத்திரிப்பூ கலர். மூணு ஜாதியா?

ஒரே ஜாதிதான், வயதுதான் வேறு. மலரும்போது பளிச்சென்ற வெள்ளை. நாள் ஆக ஆக இதழில் ரோஜா நிறம் ஏறும். கடைசியில் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. செம்பருத்திக்கும் மாதுளைக்கும் நிறம் கொடுக்கிற ஆந்தோசயனின் வகை நிறமிதான் இங்கேயும். ஒரு பூ பல நாட்கள் செடியிலேயே நிற்பதால், ஏப்ரல் கடைசியில் ஒரு சரிவில் நின்று பார்த்தால் எல்லா நிறமும் ஒரே சமயத்தில் தெரியும். படம் எடுக்கிறவர்கள் வெள்ளைப் பூவைத் தேடி ஓடுவார்கள். எனக்கு அந்த முதிர்ந்த பூ தான் பிடிக்கும்: இதழ் மெலிந்து, நரம்பு துலங்கி, ஓரம் லேசாகச் சுருண்டிருக்கும்.

"மூணு இலை இருந்தா தொடாதே"ன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்களாம். பொண்ணு பயப்படறா. தொட்டா அரிக்குமா?

அரிக்காது. பள்ளியில் சொன்னது பாய்சன் ஓக், பாய்சன் ஐவி பற்றி. அவற்றில் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது, தோலில் பட்டால் கொப்புளம் வரும். ட்ரில்லியத்தில் அது கிடையாது. பாய்சன் ஓக் மரத்தண்டுள்ள புதர், சில இடங்களில் கொடி. ஒரு கிளையில் பல மூவிலைகள் இருக்கும். ட்ரில்லியத்துக்குக் கிளையே இல்லை, ஒரு தண்டு, ஒரே ஒரு தொகுதி இலை. ஆனாலும் பெண்ணுக்குச் சொன்ன விதி நல்ல விதி. அடையாளம் உறுதியாகத் தெரிகிற வரை அப்படியே இருக்கட்டும்.

இதே மாதிரி வேற பூவும் இருக்கே, எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?

நான்கு வெள்ளை இதழ் இருந்தால் அது பஞ்ச்பெரி. ஆறு இருந்தால் பெரும்பாலும் குவீன்ஸ் கப். விசிறி போல விரிந்த மூன்று இலைக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கதிர் நின்றால் வனில்லா லீஃப். இவை மூன்றும் அதே காட்டில், அதே நிழலில் வளர்கிறவை.

கொஞ்சம் குழப்புவது ட்ரில்லியம் அல்பிடம். அதுவும் வெள்ளை, அதுவும் மேற்குக் கரை, ஓரிகனிலும் கலிபோர்னியாவிலும் நிறைய. வேறுபாடு காம்பில்தான்: அல்பிடத்தின் பூ காம்பே இல்லாமல் இலைமேல் நேராக உட்கார்ந்திருக்கும். ஓவேட்டத்துக்குக் காம்பு உண்டு. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. குழுவில் படம் போடுகிறவர்கள் தயவுசெய்து பக்கவாட்டுப் படம் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள்.

சிவராத்திரி சமயத்துலதான் வருது, வில்வம் மாதிரியே மூணு இலை. பூஜைக்கு ரெண்டு பறிச்சுக்கலாமா மாமி?

கேட்டவர் வயதில் பெரியவர், பக்தியோடுதான் கேட்டார். இருந்தாலும் வேண்டாம் என்றே சொன்னேன். வில்வம் மரம். ஒரு கொத்தைக் கிள்ளினால் அடுத்த வாரம் இன்னொன்று துளிர்க்கும். இந்தச் செடிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் இலை. அந்த மூன்றையும் எடுத்தால் அந்த ஆண்டுக்கு அதற்குச் சாப்பாடே இல்லை. இரண்டுக்கும் உறவும் கிடையாது: வில்வம் எலுமிச்சைக் குடும்பம், அதன் மூன்று என்பது ஒரே கூட்டிலையின் மூன்று சிற்றிலைகள். உலர்ந்த வில்வம் இந்தியக் கடைகளில் கிடைக்கிறது, கோயில்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

பூவை மட்டும் பறிச்சா செடியே செத்துடும்னு சொல்றாங்க. நிஜமா?

பாதி நிஜம். இலைக்கு மேலே இருக்கிற குட்டிக் காம்பை மட்டும் கிள்ளினால் செடி சாகாது. அந்த ஆண்டு விதை போய்விடும், அவ்வளவுதான். ஆனால் யாரும் அப்படிக் கிள்ளுவதில்லை. குவளையில் வைக்க நீளமான தண்டு வேண்டுமே என்று இலைக்குக் கீழே உடைக்கிறார்கள். அப்போதுதான் வினை.

மண்ணுக்குள் இஞ்சி போல ஒரு கிழங்கு கிடக்கிறது. மூன்று இலையும் வசந்தத்திலும் கோடையிலும் தயாரிக்கிற உணவு முழுக்க அதில்தான் சேர்கிறது. அடுத்த ஆண்டின் தண்டு அந்தச் சேமிப்பிலிருந்துதான் வரவேண்டும். இலை போனால் மறுபடி அதே பருவத்தில் துளிர்க்காது. பெரிய கிழங்கு என்றால் பிழைக்கும், ஆனால் சில வருடம் பூக்காமல் வெறும் இலையோடு நிற்கும். சின்னக் கிழங்கு என்றால் செத்தும் போகலாம். மான் கடித்துவிட்டுப் போனாலும் இதே கதைதான்.

பறிச்சா ஃபைன் போடுவாங்களா?

இடத்தைப் பொறுத்தது. ஒலிம்பிக், ரெய்னியர், ரெட்வுட் மாதிரித் தேசியப் பூங்காக்களில் எந்தப் பூவையும் பறிக்கக் கூடாது, ட்ரில்லியம் மட்டுமில்லை. மாநிலப் பூங்காக்களிலும் செடிகளுக்குச் சேதம் செய்வது தப்பு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் டாக்வுட், ரோடோடென்ட்ரான், ட்ரில்லியம் மூன்றையும் காக்கத் தனிச் சட்டமே இருந்தது. 2002இல் அதை நீக்கிவிட்டார்கள். அதனால்தான் வான்கூவர் பக்கத்துப் பழைய ஆட்கள் "சட்டப்படி குற்றம்" என்று இன்னும் சொல்கிறார்கள். தனிச் சட்டம் போனாலும் அங்கேயும் பூங்காக்களுக்கான தடை அப்படியே இருக்கிறது.

விதை எப்படிப் பரவுது? காத்துலயா?

எறும்பு தூக்கிக்கொண்டு போகிறது. கோடையில் பூ இருந்த இடத்தில் பச்சையும் மஞ்சளுமாகச் சதைப்பற்றான காய் ஒன்று தொங்கும். முற்றியதும் அது தானே வெடித்துக் குழைந்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட பழுப்பு விதைகள் வெளியே தெரியும். ஒரு விதையை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிர்நிறத்தில் கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். எறும்புக்கு அதுதான் கூலி. விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், சதையைத் தின்றுவிட்டு, கெட்டியான விதையை வெளியே எறிந்துவிடும். அங்கே குப்பை மக்கிய மண்ணும் தயாராக இருக்கிறது.

குளவிகளும் இதைச் செய்கின்றன. பிக்னிக்கில் நம் தட்டைச் சுற்றித் தொல்லை கொடுக்கிற அதே மஞ்சள் கோட்டுக் குளவி, ட்ரில்லியம் விதையைக் கவ்விக்கொண்டு பறந்து, எறும்பைவிடக் கொஞ்சம் தூரத்தில் போடுகிறது. எறும்பு நகர்த்துவதோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர்தான். ஓர் இடத்தில் அழிந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து இந்தப் பூ சீக்கிரம் வந்து சேராததற்கு இதுவும் ஒரு காரணம். கடைசிக் கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

விதை போட்டா எத்தனை நாள்ல பூக்கும்?

நாள் கணக்கில்லை, வருடக் கணக்கு. கோடையில் விழுந்த விதை முதல் குளிர்காலத்தைக் கடந்த பிறகு வேர் மட்டும் விடும். மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாவது குளிர்காலமும் போன பிறகுதான் ஒரு மெல்லிய வித்திலை எட்டிப் பார்க்கும். பிறகு சில வருடம் ஒற்றை இலையோடு நிற்கும். கிழங்கு தேறிய பிறகு மூன்றிலை வரும். அதற்கும் பிறகுதான் பூ. நல்ல கவனிப்போடு தோட்டத்தில் வளர்த்தாலே குறைந்தது ஏழெட்டு வருடம். காட்டில் அதற்கும் மேலேயே ஆகும்.

பெரிய பூச்செடிக்குப் பக்கத்தில் மண்ணோடு மண்ணாக, கட்டைவிரல் அகலத்தில் முட்டை வடிவ ஒற்றை இலை தெரிந்தால் அது அநேகமாக அதன் குஞ்சுதான். படம் எடுக்க ட்ரெயிலை விட்டு இறங்குகிறவர்கள் மிதிப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

அப்ப ஒரு செடி எத்தனை வருஷம் இருக்கும்?

கிழங்கில் ஒவ்வொரு ஆண்டும் தண்டு உதிர்ந்த தழும்பு நிற்கும். அதை எண்ணி வயது சொல்லலாம். ஓரிகனின் சிஸ்கியூ மலைகளில் அப்படி எண்ணியபோது 70 வயதைத் தாண்டிய செடிகள் இருந்தன. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடிக்கு நம் தாத்தா வயது இருக்கலாம்.

எங்க வீட்டுப் பின்னாடி நிழலா இருக்கு. நர்சரில வாங்கி வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், ஆனால் எங்கிருந்து வந்த செடி என்று கேட்டு வாங்குங்கள். மேலே விதை பற்றிய பதிலில் சொன்ன கணக்கைப் பாருங்கள்: விதையிலிருந்து பூக்கும் அளவுக்கு வளர்க்க அத்தனை வருடம் ஆகிற செடியை யாராவது மிக மலிவாக விற்றால், அது காட்டில் தோண்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். "நர்சரியில் வளர்ந்தது" என்ற வார்த்தைக்கு மயங்க வேண்டாம். தோண்டி எடுத்து ஒரு பருவம் தொட்டியில் வைத்திருந்தாலும் அப்படிச் சொல்லலாம். விதையிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ நர்சரியிலேயே உண்டாக்கியதா என்று கேளுங்கள். வாஷிங்டன் நேட்டிவ் பிளான்ட் சொசைட்டி மாதிரி அமைப்புகள் நடத்துகிற செடி விற்பனைகளில் வாங்குவது நல்லது.

நடுவதற்கு இலையுதிர் காலம் சரி, அப்போது அது உறங்குகிறது. மர நிழல், இலை மக்கு கலந்த மண், வசந்தத்தில் ஈரம். கோடையில் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் இலை பழுத்து மறைந்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மறந்துபோகாமல் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். நத்தையும் ஓடில்லாத ஸ்லக்கும் இளந்தளிரைத் தின்னும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உரம், பூச்சிமருந்து எதுவும் தேவையில்லை.

எங்க ஏரியாவுல ஒரு காட்டை வெட்டி வீடு கட்டப் போறாங்க. உள்ள நிறைய ட்ரில்லியம் இருக்கு. ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டு வந்துடலாமா?

எண்ணம் நல்லது, வழி தப்பு. அடுத்தவர் நிலத்தில் புகுந்து எடுப்பது திருட்டாகிவிடும். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது: கட்டடம் வரப்போகிற இடங்களில் அனுமதி பெற்று, தன்னார்வலர்களைக் கூட்டிப்போய் உள்ளூர்ச் செடிகளைத் தோண்டி எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். கவுண்டி அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். தோண்டும்போது கிழங்கு நினைத்ததைவிட ஆழத்தில் இருக்கும், தண்டைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும். சுற்றியுள்ள மண்ணோடு கட்டியாக எடுக்க வேண்டும்.

இதைச் சாப்பிடலாமா? ஏதாவது மருந்து குணம் உண்டா?

சாப்பிடக் கூடாது. கிழங்கிலும் காயிலும் ஸ்டீராய்டு சப்போனின்கள் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. வாந்தி, வயிற்றுப் புரட்டல் வரும். குழந்தைகள் காயைப் பழம் என்று நினைத்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்குக் கரையின் பூர்வகுடி மக்கள் இதை மருந்தாகப் பயன்படுத்தியதற்குப் பதிவுகள் உண்டு. லம்மி மக்கள் கண்வலிக்குச் சாறு பிழிந்து விட்டார்கள்; மக்கா மக்கள் கிழங்கை இடித்து வசிய மருந்தாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்களின் அறிவு அது. யூடியூப் பார்த்து நாம் செய்து பார்க்கிற விஷயம் இல்லை.

ஊர்லேர்ந்து ஒரு மெசேஜ் வந்துச்சு, "நாக் சத்ரி"ன்னு இமயமலை மூலிகை. படத்துல இதே மூணு இலை. அதான் இதா?

சொந்தக்காரச் செடி. இமயமலையில் காஷ்மீர், இமாச்சல் தொடங்கிக் கிழக்கே பூட்டான் வரை வளர்கிற ட்ரில்லியம் கோவானியானம்தான் நாக் சத்ரி. மூன்றிலை அமைப்பு அதே. பூ மட்டும் வெள்ளை இல்லை, குறுகிய இதழ்களோடு பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம்.

அந்த மெசேஜை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கிழங்கிலுள்ள ஸ்டீராய்டு சப்போனின்களுக்காக அதை மூட்டை மூட்டையாகக் கள்ளத்தனமாகத் தோண்டிக் கடத்துகிறார்கள். மலைக்கிராமத்து ஏழைகள் தோண்டுகிறார்கள், லாபம் கீழே இருக்கிற வியாபாரிக்கு. அழியும் ஆபத்தில் இருக்கிற செடிகளின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. இங்கே பூவைப் பறித்தால் கிழங்காவது மிஞ்சும். அங்கே எடுப்பதே கிழங்கைத்தான்.

எங்கட ஒன்ராறியோ பூவும் இதுவும் ஒண்டுதானே? நீங்கள் ஏன் வேற எண்டு சொல்லுறியள்?

ஸ்காபரோவிலிருந்து ஓர் அண்ணா கேட்டது. அங்குள்ள நம் ஆட்களுக்கு ட்ரில்லியம் என்றால் மாகாண அரசின் சின்னமும், மருந்துச் செலவுக்கு உதவுகிற ட்ரில்லியம் திட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒன்ராறியோ 1937இல் மாகாணப் பூவாக ஏற்றது ட்ரில்லியம் கிராண்டிஃப்ளோரம். கிழக்குக் காடுகளின் பூ அது. அதற்கும் மேற்குக் கரை ஓவேட்டத்துக்கும் நடுவில் மரமில்லாத பெரும் புல்வெளிகள் கிடக்கின்றன. காட்டில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

பார்வைக்கு வித்தியாசம் இதழின் அடிப்பாகத்தில். கிராண்டிஃப்ளோரத்தின் இதழ்கள் அடியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து புனல் மாதிரி எழும்பிப் பிறகு விரியும். ஓவேட்டத்தில் அடியிலிருந்தே விலகி விரியும். வயதானால் கிராண்டிஃப்ளோரம் இளஞ்சிவப்போடு நின்றுவிடும், இங்கத்தையது கருஞ்சிவப்பு வரை போகும். ஒன்ராறியோவில் பறித்தால் சிறை என்பதும் கட்டுக்கதைதான். பூங்காக்களில் தடை உண்டு, மாகாணம் முழுமைக்குமான பொதுச் சட்டம் இல்லை.

அங்க சிலதில வெள்ளை இதழில பச்சைக் கோடு கிடக்கு. அபூர்வ வகை எண்டு ஒராள் விலை சொல்லுறார். வாங்கலாமோ?

வாங்க வேண்டாம். கிழக்கத்திய ட்ரில்லியத்தில் அந்தப் பச்சைக் கோடு பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரித் தொற்றால் வருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது நோயாளிச் செடி. வருடாவருடம் பூ உருக்குலைந்துகொண்டே போகும். தோட்டத்துக்குள் கொண்டுவந்தால் மற்றச் செடிக்கும் ஆபத்து.

ஊட்டியில, கொடைக்கானல்ல வளருமா? அப்பாவுக்கு விதை கொண்டு போகட்டுமா?

முதல் தடை விமான நிலையம். அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் விதை, கிழங்கு கொண்டுபோகக் கூடாது.

தாண்டிப் போனாலும் தட்பவெப்பம் ஒத்துவராது. இந்தச் செடிக்குக் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. நீலகிரியில் ஜனவரி, பிப்ரவரி காய்ந்து கிடக்கும். கிழங்கு உறங்க வேண்டிய மாதங்களில் பருவமழை கொட்டும். விதைக்கு இரண்டு நீண்ட குளிர்காலம் வேண்டும் என்பதும் இருக்கிறது. அப்பாவுக்கு ஆசையாக இருந்தால், செங்காந்தள் கிழங்கு ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். லிலியேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வருவதால் அது ட்ரில்லியத்துக்குத் தூரத்து உறவுதான். நச்சுக் கிழங்கு, குழந்தைகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இதை முதல்ல யாரு கண்டுபிடிச்சா?

பூர்வகுடிகளுக்குக் காலங்காலமாகத் தெரியும். தாவரவியல் ஏட்டில் ஏறியது மெரிவெதர் லூயிஸ் வழியாக. அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய லூயிஸ், கிளார்க் ஆய்வுப் பயணக் குழு பசிபிக் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், 1806 ஏப்ரலில் கொலம்பியா ஆற்றின் வேகநீர்ப் பகுதியில் இதைப் பறித்து உலர்த்தி எடுத்துவந்தார்கள். அதை வைத்து பிரடெரிக் புர்ஷ் என்ற தாவரவியலாளர் ட்ரில்லியம் ஓவேட்டம் என்று பெயரிட்டார். அந்தப் பயணத்தின் உலர் செடிகள் பிலடெல்பியாவில் இன்னும் இருக்கின்றன.

பையன் பயாலஜி படிக்கிறான். "அது இலையே இல்லம்மா, அதுக்கு டிஎன்ஏவும் நம்மளவிட ஜாஸ்தி"ங்கறான். என்னை ஓட்டறானா?

ஓட்டவில்லை, இரண்டும் சரி. கறாராகச் சொன்னால் மண்ணுக்கு மேலே இருக்கிற தண்டு பூக்காம்புதான், அந்த மூன்றும் பூவடிச் செதில்கள். உண்மையான இலை கிழங்கின்மேல் காகிதம் மாதிரிச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பச்சையாக இருந்து உணவு தயாரிப்பது இந்த மூன்றுதான் என்பதால் நான் இலை என்றே எழுதுகிறேன்.

குரோமோசோம் எண்ணிக்கை வெறும் 10, நமக்கு 46. அந்தப் பத்தும் ராட்சசப் பத்து. ஒரு செல்லில் மனிதனுடையதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் டிஎன்ஏ இருக்கிறது. சாதாரண நுண்ணோக்கியிலேயே பளிச்சென்று தெரிவதால் மரபணு ஆய்வாளர்களுக்கு ட்ரில்லியம் பழைய நண்பன். டிஎன்ஏ அதிகம் என்றால் அறிவு அதிகம் என்று பையன் வாதாடினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மரம் வெட்டின இடத்துல காடு திரும்ப நல்லா வளந்துடுச்சு. ட்ரில்லியம் மட்டும் ஏன் வரல?

இதுவரை சொன்ன எல்லாம் சேர்ந்து வருகிற இடம் இது. சிஸ்கியூ மலைகளில் எரிக் ஜூல்ஸ் என்ற சூழலியலாளர் இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். 1998இல் அவர் ஆய்வு வெளியானது. மொட்டையாக மரம் வெட்டி, நிலத்தைத் தயார்செய்து ஊசியிலைக் கன்று நட்ட இடங்களில், இருந்த ட்ரில்லியத்தில் கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போயிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் வெட்டாமல் விட்ட பழைய காட்டில் கதை என்ன என்பதுதான் அவர் எடுத்த முக்கியமான விஷயம்.

அங்கே செடிகள் இருந்தன, பூவும் பூத்தன. தழும்பை எண்ணி வயது பார்த்தபோதுதான் தெரிந்தது: வெட்டிய விளிம்பிலிருந்து சுமார் 65 மீட்டர் உள்ளே வரை, மரம் வெட்டிய காலத்துக்குப் பிறகு பிறந்த செடி அநேகமாக இல்லை. நிற்பதெல்லாம் பழையவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வெள்ளைவெளேரென்று பூத்த காடு; உள்ளே பல ஆண்டுகளாகப் பிள்ளைப்பேறே நின்றுபோயிருந்தது. விளிம்பில் மகரந்தச் சேர்க்கை குறைந்து விதை குறைவாகப் பிடித்தது ஒரு காரணம். விழுந்த விதையையும் விளிம்பில் பெருகிய மான் எலி என்ற சிறு காட்டெலி தின்றுவிட்டது இன்னொரு காரணம்.

வெட்டி, மறுபடி வளர்ந்த காட்டுக்குள் திரும்ப வரவேண்டும் என்றால் எறும்பும் குளவியும் விதையை நகர்த்தியாக வேண்டும், அந்த விதை எலிக்குத் தப்ப வேண்டும், தப்பியது பூக்கப் பல ஆண்டு நிற்க வேண்டும், அதன் விதை மறுபடி ஒன்றிரண்டு மீட்டர் நகர வேண்டும். கிழக்கத்திய வகையில் மான்கள் காயைத் தின்று விதையைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோவதை நியூயார்க் மாநிலத்தில் பார்த்திருக்கிறார்கள், அதனால் தாண்டுதல் அடியோடு நடக்காது என்றில்லை. உங்கள் ட்ரெயிலில் மரத்தின் பருமனைப் பார்த்துக் காடு தேறிவிட்டது என்று முடிவு கட்டாமல், பூச்செடிகளுக்கு அடியில் அந்த ஒற்றை இலைக் குஞ்சுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.